பந்தலூர் ஏற்றத்துக்கு எத்தனை இன்ச் வேணும்?

நீலகிரின்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? போட் ஹவுஸ், வர்க்கி, குட்டி ரயில், தொட்டபெட்டா. அதோட மேப்பை மடிச்சு பாக்கெட்ல வெச்சுடுவோம். ஆனா மக்களே, ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கி, நாடுகாணி, தேவாலா வழியா இன்னும் கொஞ்சம் போனா, மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு ஊர் இருக்கு. பெயர் பந்தலூர். ஊட்டி உயரத்தில் ஏறத்தாழ பாதிதான். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா கேரளாவின் வயநாடு. டீக்கடையில் பாதித் தமிழ், பாதி மலையாளம். 'அண்ணே'வும் 'சேட்டா'வும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடிக்கும் ஊர்!

இங்கே ஸ்வெட்டரைவிடக் குடைக்குத்தான் வேலை. ஜூன் மாசம் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சா, தமிழ்நாட்டு மழைப் பட்டியலில் பக்கத்து ஊரான தேவாலா பெயர் முதல் வரிசையில் அடிக்கடி வரும். மழை, செம்மண், தேயிலைச் சரிவு, நடுவில் கல் பாவிய எஸ்டேட் ரோடு. இந்த நாலும் சேர்ந்த இடத்தில் ஓடுறதுக்குன்னே பிறந்த ஜீவன் ஒண்ணு உண்டு. அதுதான் ஜீப்.

தங்கம் முதல் தேயிலை வரை

பந்தலூருக்கு ஒரு 'கோல்டன்' ஃபிளாஷ்பேக் இருக்கு. 1880-களின் தொடக்கத்தில் இந்த மண்ணில் தங்கம் இருக்குன்னு நம்பி, லண்டனில் கம்பெனிகள் முளைச்சு, பணத்தைக் கொட்டினாங்க. தேவாலாவும் பந்தலூரும் கொஞ்ச நாள் ஜேஜேன்னு இருந்துச்சு. ஆனா கொட்டின காசுக்குத் தங்கம் கிடைக்கலை. சில வருஷத்திலேயே எல்லாம் புஸ்! பழைய சுரங்கக் குழிகள்தான் மிச்சம்.

அடுத்த அத்தியாயம் தேயிலை. 1964-ல் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதன்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியா திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பிறகு 'டான்டீ'. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பந்தலூர்னு அதன் தோட்டங்கள் விரிஞ்சது. மெயின் ரோட்டிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே லைன் வீடுகள். பஸ் போகாத அந்தக் கடைசி தூரத்துக்கு ஜீப்தான் பஸ், ஜீப்தான் லாரி. ராத்திரி பிரசவ வலி வந்தா, பல இடங்களில் ஜீப்தான் ஆம்புலன்ஸ்.

மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது 1947-ல். அதன் பேரப்பிள்ளைகளான மேஜரும் கமாண்டரும் இந்த மலையில் ட்ரிப் அடிச்சே தேய்ஞ்சவை. அதில் பல கமாண்டர்களுக்கு ஃபோர் வீல்கூடக் கிடையாது. ஒல்லி டயர், கம்பெனி கொடுத்த அதே உயரம்!

இப்ப நம்ம ஆளுங்க சீனுக்கு வருவோம். ஃபைனல் இயர் முடிக்கும்போது நாலு பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸியோ, பழைய தாரோ பிடிக்கிறாங்க. முதல் பிளான் என்ன? "மச்சி, மூணு இன்ச் லிஃப்ட் பண்றோம், 'கொழுக் மொழுக்'னு டயர் போடுறோம், மலை ஏறுறோம்!" சரி பாஸ், ஆனா எந்த மலை?

லிஃப்ட்னா நிஜமா எது உயருது?

இதில்தான் பாதிப் பேருக்குக் குழப்பம். சஸ்பென்ஷன் லிஃப்ட்னா ஸ்பிரிங்கை உயரமாக்குவது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் கூடுதல் பட்டை சேர்ப்பாங்க அல்லது வளைவு அதிகமான செட் போடுவாங்க. காயில் ஸ்பிரிங்னா நீளமான காயில். அப்போ பாடியும் சேசிஸும் மேலே போகும். ஆனா ரெண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில்? அது சக்கரத்தோடு ஒட்டினது. ஒரு மில்லிமீட்டர்கூட உயராது!

ஜீப்புக்கு அடியில் குனிஞ்சு பாருங்க. ஆக்சில் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்குதே டிஃபரென்ஷியல், அதுதான் முதலில் கல்லில் இடிக்கும். ஜிப்ஸி, பழைய மேஜர் மாதிரி முன்னும் பின்னும் முழு ஆக்சில் உள்ள வண்டியில் ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டாலும் அந்தப் பூசணிக்காய் அதே இடத்தில்தான் இருக்கும். 2020-ல் வந்த தாரில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் முன் டிஃபரென்ஷியல் சேசிஸோடு சேர்ந்து உயரும். பின்னாடி முழு ஆக்சில்தான். அது அசையாது.

அப்போ லிஃப்ட் வேஸ்ட்டா? இல்லை. திடீர்னு எழும்பும் மேட்டில் பம்பர் மோதாது, முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாது, பெரிய டயர் சுழல இடம் கிடைக்கும். இதெல்லாம் உண்மை. ஆனா கல்லுக்கு மேலே ஆக்சிலைத் தூக்கணும்னா ஒரே வழி டயர்தான்.

கொஞ்சம் டயர் கணக்கு

டயர் பக்கவாட்டில் '245/75 ஆர் 16'னு இருந்தா, 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். 16 என்பது ரிம் அளவு, இன்ச்சில். கூட்டினா மொத்த விட்டம் சுமார் 774 மி.மீ. இதைக் கழட்டிட்டு 265/75 ஆர் 16 போட்டா விட்டம் 804. வித்தியாசம் 30 மி.மீ.

ஆஹான்னு குதிக்காதீங்க. சக்கரத்தின் நடுவில்தானே ஆக்சில்? அதனால் அது உயர்வது பாதி, அதாவது 15 மி.மீ. உங்க சுண்டு விரல் அகலம்!

ஜிப்ஸியோட 205/70 ஆர் 15 டயருக்குப் பதில் 215/75 ஆர் 15 போட்டா கிடைப்பது சுமார் 18 மி.மீ. பதிலுக்கு நாம கொடுப்பது என்ன? சக்கரம் ஒரு சுற்றில் 5 சதவீதம் அதிகம் உருளும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 63. அது பரவாயில்லை. ஆனா கியரும் அதே 5 சதவீதம் 'நீளமாகும்'. ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கத்தில் ஃபர்ஸ்ட் கியர் போட்டாலும் இன்ஜின் முன்ன மாதிரி பிடிச்சு வைக்காது. நனைஞ்ச எஸ்டேட் ரோட்டில் பிரேக்கை அழுத்தினா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும். அங்கே நம்மைக் காப்பாத்துறதே இன்ஜின் பிடிதான். அதைத்தான் அழகுக்காக விலை பேசுறோம்.

அகலமும் அப்படியே. பந்தலூர் பக்கத்து எஸ்டேட் ரோடுகளில் பல இடங்களில் அடியில் கல் பாவியிருக்கும், மேலே வழுக்கும் சேறு. ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கிட்டு கீழே இருக்கும் கல்லைத் தொட்டுப் பிடிக்கும். அகல டயர் சேற்று மேலேயே மிதக்கும். பாலைவன மணலுக்கு மிதப்பது நல்லது, இங்கே இல்லை! அதனால் அகலத்தைவிட முக்கியம் டயரின் பட்டன். செம்மண் பட்டன் இடுக்கில் அப்பிக்கிட்டா டயர் மொழு மொழுன்னு ஆகிடும். இடைவெளி அதிகமுள்ள பட்டன் டயர் சுழலும்போது மண்ணைத் தானே உதறும். ஆனா தார் ரோட்டில் அது இரையும், மழையில் பிரேக் தூரமும் கூடும். காலேஜ்-வீடு-மாசம் ஒரு ட்ரிப்னு இருக்கிறவங்களுக்கு நடுத்தரமான ஆல்-டெரெய்ன் டயர் போதும்.

சாய்வுதான் வில்லன்

மலையில் பயம் காட்டுவது ஏற்றம் இல்லை, பக்கச் சாய்வு. ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் பள்ளம். உதாரணத்துக்கு, இடது வலது சக்கரங்களுக்கு இடையே 130 செ.மீ. உள்ள ஜீப். அதன் எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. காகிதக் கணக்குப்படி அது சுமார் 43 டிகிரி சாய்ந்தால் கவிழும். ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டு எடை மையம் 75 செ.மீ. ஆனா, 41 டிகிரி.

"ரெண்டு டிகிரிதானே?" அவசரப்படாதீங்க. ஒரு பக்கச் சக்கரம் 10 செ.மீ. பள்ளத்தில் இறங்கினாலே நாலு டிகிரிக்கு மேல் போச்சு. பின்னாடி எட்டுப் பேர், மேலே கேரியரில் மூட்டை, வளைவில் வெளிப்பக்கம் தள்ளும் விசை, சாயும் ஸ்பிரிங்... ஒவ்வொண்ணும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். காகிதத்தில் இருக்கும் 43, ரோட்டில் ரொம்பச் சீக்கிரம் கரையும். அந்த மிச்சத்தில்தான் வண்டியில் இருக்கிறவங்க உயிர் இருக்கு.

ஸ்டாண்டில் போய், "அண்ணே, ஏன் ஜீப்பை உயர்த்தலை?"ன்னு கேட்டா, "தம்பி, இதில் ஆள் ஏற வேணாமா?" என்பதுதான் நியாயமான பதிலா இருக்கும். யோசிச்சுப் பாருங்க. நாளெல்லாம் கொழுந்து பறிச்ச கால், அரிசி மூட்டையோடு வர்ற பாட்டி, நிறைமாசப் பொண்ணு. இவங்களுக்கு ரெண்டு இன்ச் கூடினா அது ஸ்டைல் இல்லை, தண்டனை. பந்தலூர் ஜீப்பின் உயரத்தை முடிவு பண்ணுவது பள்ளம் மட்டும் இல்லை, அதில் ஏறுற ஆளும்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் கேள்வி வரும் என்பது தனி. அதனால் சேஃபான வழி, உங்க மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த டயர் அளவுகளுக்குள் நிற்பது. 2020 தாருக்கே 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18னு ரெண்டு அளவு கொடுத்தாங்களே! அந்த வண்டியின் தரை இடைவெளியும் 226 மி.மீ. பந்தலூருக்கு அது தாராளம்.

வாங்கும் முன் வரிசை இதுதான்!

* முதலில் ரோடு: போகப்போற ரோட்டில் ஒரு தடவை நடந்து பாருங்க. எது இடிக்குதுன்னு தெரியாம எத்தனை இன்ச்னு முடிவு பண்ண முடியாது.

* அப்புறம் ரிப்பேர்: தளர்ந்த பட்டை, செத்துப்போன ஷாக், தேய்ஞ்ச புஷ். இதை மாத்தினாலே பழைய வண்டி இழந்த உயரம் திரும்ப வரும். பாதிப் பேருக்கு லிஃப்ட் ஆசை இங்கேயே தீர்ந்துடும்.

* மூணாவது டயர்: கம்பெனி அளவு, நல்ல பட்டன். மறக்காம ஸ்டெப்னியும் அதே அளவு.

* காத்து: சேற்றில் 20 பாயிண்ட் அளவுக்கு இறக்கினா டயர் தரையை நீளமாப் பிடிக்கும். செலவு ஜீரோ! தார் ரோடு வந்ததும் திரும்ப ஏத்தணும். சின்ன கம்ப்ரஸர் கையில் இருக்கட்டும்.

* கடைசியில்தான் லிஃப்ட்: இதுக்கு அப்புறமும் வயிறு தட்டினா, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுட்டு யோசிங்க. ஸ்பிரிங் மட்டும் மாத்தினா போதாது. ஷாக் நீளம், பிரேக் ஹோஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம், ஸ்டீயரிங் அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து மாறும்.

இன்னொண்ணு. பந்தலூரைச் சுத்தியிருக்கும் காட்டில் யானை நடமாட்டம் சர்வ சாதாரணம். எஸ்டேட் ரோடு தனியார் அல்லது அரசுத் தோட்டத்தின் இடம், அதைத் தாண்டினா காப்புக்காடு. அனுமதி இல்லாம 'ஆஃப் ரோடு' விளையாட இது மைதானம் இல்லை. நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கு. கிளம்பும் முன் நிலவரம் பார்த்துக்குங்க.

தங்கம் தேடி வந்த லண்டன் கம்பெனிகள் மண்ணைப் பார்க்காம காசைக் கொட்டின ஊர் இது. நாம முதலில் ரோட்டைப் பார்ப்போம், டேப் அளவுகோலை அப்புறம் எடுப்போம். தேவைக்கு மேல் ஒரு இன்ச்கூட உயராத ஜீப்தான் இந்த மழையில் தினமும் ஆளை ஏத்திக்கிட்டுப் போய், பத்திரமா வீட்டு வாசலில் இறக்கி விடுது. கெத்துன்னா அதுதான் பாஸ்!