நாற்பது வேலி ஆண்டை

நந்தன் கதை சொல்லும்போது எங்கள் அப்பாயி நந்தனுக்கு எஜமானரான வேதியரை வேதியர் என்றதே இல்லை. ‘ஆண்டை’ என்பார். அந்த ஆண்டை குடையோடு வரப்பில் நடப்பதை நடித்தும் காட்டுவார். பண்ணையாளாக இருந்த குடும்பம். யாரைப் பார்த்து நடித்தார் என்று கேட்க வேண்டியதில்லை. பிற்பாடு சொற்பொழிவுகளில் ‘சேக்கிழார் காட்டும் வேதியர்’ என்று கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெரியபுராணத்தில் அப்படி ஒருவர் கிடையாது.

அதில் நந்தனைச் சொல்லும் திருநாளைப்போவார் புராணம் 37 பாட்டு. ஆதனூர்ச் சேரியின் கூரை, கோழி, நாய்க்குட்டி எதையும் சேக்கிழார் விடவில்லை. அவருடைய நந்தனுக்கு ஊரார் விட்ட மானிய நிலம் இருக்கிறது. கோயில் முரசுக்குத் தோல், யாழுக்கு நரம்பு கொடுக்கிறார். தில்லைக்குப் போக ஒருவரிடமும் உத்தரவு கேட்கவில்லை; தடுத்ததெல்லாம் தன் பிறப்பை எண்ணிய தயக்கம். நந்தனைப் பண்ணையாளாக்கி, வேதியர் முன்னால் கைகட்டி நிற்க வைத்து, நாற்பது வேலியையும் விளைவித்துவிட்டுப் போ என்று சொல்ல வைத்தவர் நந்தனார் சரித்திரம் எழுதிய, நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல்.

அந்த ஆண்டையை பாரதியார் எங்கே பார்த்தார்?

அவருடைய பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடயம் தாராளம். உ.வே.சா. அவரிடம் மாயூரத்தில் கொஞ்ச நாள் இசை படித்தவர், வரலாறும் எழுதியிருக்கிறார். திருவிடைமருதூரில் ராமதாஸிடம் கற்ற இந்துஸ்தானி, கனம் கிருஷ்ணையரின் பழக்கம் எல்லாம் தெரிகிறது. ஆண்டை மட்டும் சிக்கவில்லை. முடிகொண்டான், ஆனைதாண்டவபுரம் என்று அலைந்தேன். மிராசுதார் குடும்பங்களுக்கு அவரை வீட்டில் வைத்துச் சோறு போட்ட பெருமை ஞாபகமிருக்கிறது. வயலில் நின்றவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சோறு போட்டவர்களில் ஒருவரையே பாட்டில் வைத்தாரோ என்று சந்தேகப்பட்டேன். ஆதாரம் என்று ஒரு துரும்பும் கிடைக்கவில்லை.

கடைசியில் அப்பாயியின் ஒன்றுவிட்ட தம்பியான தாத்தாவிடம் போனேன். மயிலாடுதுறைப் பக்கம், சேரி பஜனை மடத்தில் காலமெல்லாம் பாடியவர். கேள்வியை முடிக்கவே விடவில்லை.

“பேரு கேக்குறியா? 1843லயே அடிமை கெடயாதுன்னு வெள்ளக்காரன் சட்டம் போட்டுட்டான்னு நீதானே சொன்னே? அப்பறமும் கடன சொல்லிக் கட்டிப்போட்டு வச்சிருந்தானே, எந்த ஊர்ல அந்த ஆண்டை இல்ல?”

மறுபடி பெயருக்கே வந்தேன். பதிலுக்குச் சேரியை வர்ணிக்கும் பாட்டைத் தொடையில் தட்டிப் பாடினார். நான் பேச வாயெடுத்த போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். ஒரு கட்டத்தில் என் காதுக்கே உறைத்தது: அது நொண்டிச்சிந்து. கால் போன திருடன் மேடையேறித் தன் கதையைத் தானே பாடும் நொண்டி நாடகத்தின் மெட்டு. சேக்கிழார் விருத்தத்தில் வைத்த அதே சேரியை, பாரதியார் தெருக்கூட்டம் தட்டிக் கேட்கும் தாளத்துக்கு இறக்கியிருக்கிறார். ஆளைத் தேடுவதை அங்கேயே விட்டேன். சிந்து, கண்ணி என்று மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு சரித்திரத்தை மறுபடி படித்தேன். கர்நாடக ராகத்தில் தில்லை ஏக்கம். பேச்சும் சண்டையும் வருமிடத்தில் பாமரர் மெட்டு, கொச்சை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழை மலிந்தது என்று சிறப்புப்பாயிரம் தர இழுத்தடித்ததும், பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாடக் கேட்டு உருகிக் கொடுத்ததும் ஊரறிந்த கதை. பிள்ளையவர்கள் பிழை என்றதில் பாதி, வயற்காட்டுப் பேச்சு நூலுக்குள் நுழைந்த வழி என்பது என் கட்சி. காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி சீசே உதவியால் 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய புத்தகம் விற்றுத் தீர்ந்ததற்கு இலக்கணம் காரணமாயிருக்க முடியாது.

நந்தன் கதையை எடுத்த 1935 படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் பாடியதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறையில்லை. அவருக்கு 1942 படத்து தண்டபாணி தேசிகர்தான்; திருச்செங்காட்டங்குடிக்காரர், நம்ம பக்கம்.

“விளைஞ்ச வயலப் பாத்ததும் வேதியர் நந்தன் கால்லயே விழுந்துடுறாரே தாத்தா, அத பாரதியார் சும்மாவா வச்சாரு?” என்றேன்.

“விழுந்தான், சரி. கூலிய ஏத்துனானா?”