கலியாணத்துக்கு வருகிற ஆக்களுக்கு மார்க்கத்தில் அறை

சனிக்கிழமை பின்னேரம் 7ஆம் நெடுஞ்சாலையும் வோடன் வீதியும் சந்திக்கிற பக்கம் போனால், ஹோட்டல் வாசல்களில் பட்டுச்சேலைகளைக் காணலாம். லண்டன் சித்தி, பாரிஸ் மாமா, ஒஸ்லோவில் இருந்து வந்த மச்சாள்மார் எல்லாரும் மண்டபத்துக்கு வெளிக்கிட்டு நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அதே வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கம்பனி ஆட்கள்தான் நிற்பார்கள்.

இங்குள்ள அறை விலையை விளங்கிக்கொள்ள இது முக்கியம். ஏஎம்டி போன்ற தொழில்நுட்பக் கம்பனிகள் உள்ள ஊர் இது. கிழமை நாட்களில் அலுவலாக வருகிறவர்கள் அறைகளை நிரப்புவார்கள். சனி ஞாயிறில் அவர்கள் இல்லை. எங்கட கலியாணமும் சாமத்தியவீடும் வருவது அந்த நாட்களில்தான். ஆகவே பேரம் பேச எங்களுக்கு இடம் இருக்கிறது.

அம்மாவுக்கு இந்தக் கதையே பிடிக்காது. "வந்த ஆக்களை ஹோட்டலில விடுறதோ? சனம் என்ன சொல்லும்?" என்பார். ஆனால் முழங்கால் வருத்தக்காரரைப் பேஸ்மென்ட் படியில் ஏற்றி இறக்கவும் முடியாது. ஹோட்டல் என்று முடிவெடுத்தால், நாலு நாளும் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கவேணும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அதைக் குழப்புவது இணையத்தில் வருகிற "உங்களுக்கு மட்டும்" விலை. புக்கிங் டொட் கொம்மில் கணக்குத் திறந்தாலே ஜீனியஸ் என்று சில ஹோட்டல்களில் 10 வீதம் கழிவு. அடிக்கடி தங்குகிறவருக்கு இன்னும் கூட. ஓர்பிட்ஸ் தளம் மக் கணினி வைத்திருப்பவருக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னுக்குக் காட்டியது 2012இல் செய்தியாக வந்தது. ஒரே அறைக்கு வேறு விலை போடவில்லை, காட்டும் வரிசைதான் மாறியது. ஆளாளுக்கு வேறு திரை என்றால், சித்தி ஒரு ஹோட்டலிலும் மாமா இன்னொன்றிலும் போய் இறங்குவார்கள்.

அதனால் நான் ஹோட்டலின் விற்பனைப் பிரிவுக்கே நேரடியாக ஃபோன் எடுப்பேன். பொதுவாக 10 அறை என்றாலே குழு விலை பற்றிக் கதைப்பார்கள். கலியாணத்துக்கென்று ஒரு இணைப்புத் தருவார்கள். அதை வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லாருக்கும் ஒரே விலை.

கையெழுத்து வைக்க முன்னம் ஒன்றைக் கேளுங்கள்: அறைகள் நிரம்பாவிட்டால் யார் காசு கட்டுவது? 20 அறை எடுத்து 80 வீதம் உத்தரவாதம் என்று எழுதினால், 16 அறைக்கு நீங்கள் பொறுப்பு. மிச்ச அறைகளைக் குறித்த திகதிக்குப் பிறகு ஹோட்டலே திரும்ப எடுத்துக்கொள்ளும் வகையும் உண்டு. "கேர்ட்டசி புளொக்" என்று கேட்டால் விளங்கும்.

அடுத்தது, காசு திரும்பாத மலிவு விலை. பிரித்தானிய, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவர் விமானத்தில் வர ஈ-டீ-ஏ அனுமதி போதும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேணும். எங்கட பெரியம்மாவின் விசா கலியாணம் முடிந்த பிறகுதான் வந்தது. அவவின்ர அறையைக் குழு விலையில் எடுத்திருந்தபடியால் காசில்லாமல் நிற்பாட்ட முடிந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவருக்கு எடுக்கும் அறை, பத்து டொலர் கூடினாலும், கடைசிவரை நிற்பாட்டக்கூடியதாக இருக்கட்டும்.

விலைகளை ஒப்பிடும்போது கடைசித் திரையில் வருகிற மொத்தத்தைப் பாருங்கள். 13 வீத எச்எஸ்டியோடு நகரசபையின் தங்குமிட வரியும் சேரும். மார்க்கமும் அந்த வரியை எடுக்கிறது. ரொறன்ரோவில் அது 2025 யூனில் 8.5 வீதமாக ஏறியது. தரிப்பிடமும் காலைச் சாப்பாடும் சேர்த்தியோ என்றும் கேளுங்கள்.

தனி ஆளாக அலுவலாய்ப் போனால் ஜீனியஸ் கழிவை நானும் விடமாட்டன். கலியாணத்துக்கு மட்டும், ஒருத்தருக்குக் கிடைக்கிற மலிவை விட எல்லாருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை கிடைப்பது பெரிசு. இரவு பன்னிரண்டு மணிக்கு மாமாவின் அறைக்குள் கதவு திறந்து கிடக்க, பிள்ளையள் கட்டிலில் ஏறிக் குதிக்க, அம்மாவும் சித்தியும் பழைய கதை கதைத்துக்கொண்டு இருப்பினம். அதற்கு எந்த இணையத்தளத்திலும் கழிவுக் குறியீடு இல்லை.