ரெண்டு சம்பளம்... ஒரே தூக்கம்!

கேம்பஸ் இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர், முதல் மாசச் சம்பளம்னு கனவுல மிதந்துட்டு இருக்கீங்களா? நல்லா மிதங்க. ஆனா, போன வருஷம் பாஸாகிப் போன சீனியர் யாருக்காவது ஒரு போன் போட்டு, 'அப்புறம்ணே, லைஃப் எப்படிப் போகுது?'ன்னு கேட்டுப் பாருங்க. ஜாலியா ஆரம்பிக்கிற பேச்சு, பத்தாவது நிமிஷம், 'பார்ட் டைமா ஏதாவது வேலை இருந்தா சொல்லுடா'ன்னு வந்து நிக்கும்.

என்கிட்ட அப்படிக் கேட்டது வேற யாரும் இல்ல... எங்க அண்ணன்!

அண்ணன் மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. கப்பலூர்ல வண்டி உதிரி பாகம் செய்யுற ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்கிங். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். கையில வர்றது 16,500 ரூபாய். அதுல 5,800 ரூபாயை எஜுகேஷன் லோன் முழுங்கிடும். வீட்டுக்கு 5,000. பெட்ரோல், போன் ரீசார்ஜ், ஃப்ரெண்டு கல்யாண மொய் எல்லாம் போக, 20-ம் தேதிக்கு மேல பர்ஸைத் திறந்தா பழைய ஏ.டி.எம். சீட்டுதான் இருக்கும்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைங்கிறதாலதான் எழுதுறேன். அடுத்த வருஷம் நானு, அதுக்கடுத்து நீங்கன்னு எல்லாருமே இந்த வரிசையில நிக்கப் போறவங்கதானே!

தூங்கா நகரம், தூங்காத ஆளுங்க

மதுரையில ரெண்டாவது வேலைக்குப் பஞ்சமே இல்ல பாஸ். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சி பாடின காலத்துலேயே பகல் கடைக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைக்கு அல்லங்காடின்னு ரெண்டு பேர் வெச்சு வாழ்ந்த ஊராச்சே! இப்பவும் நடுராத்திரி புரோட்டாக் கல்லுல கொத்து சத்தம் கேக்கும். விடியறதுக்கு முன்னாடியே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லிகை மூட்டை வந்து இறங்கும். போதாக்குறைக்கு, 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்குற கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம்னு 2019-ல தமிழ்நாடு அரசு அனுமதியும் கொடுத்துச்சு.

சுத்துப்பட்டு ஊர்கள்ல இது இன்னும் பழைய பழக்கம். பூந்தோட்டம் வெச்சிருக்கிறவங்க வெள்ளன எந்திரிச்சு மொட்டு பறிச்சு அனுப்பிட்டு, குளிச்சுக் கிளம்பி மில்லுக்கோ ஜவுளிக் கடைக்கோ பஸ் ஏறுவாங்க. அதுக்கு 'பார்ட் டைம்'னு அவங்க பேர் வெச்சதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, வேலை கிடைக்குமாங்கிறது பிரச்னை இல்ல. எந்த வேலையை எடுக்குறதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

அப்பா போட்ட கணக்கு

அண்ணனோட முதல் சாய்ஸ், ராத்திரி சாப்பாடு டெலிவரி. பைக் இருக்கு, போன் இருக்கு, லைசென்ஸ் இருக்கு. இன்டர்வியூல 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' தொல்லை இல்ல. ராத்திரி 7:30-ல இருந்து 11:30 வரைக்கும் வாரத்துக்கு அஞ்சு நாள் ஓட்டினான். ஒரு ராத்திரிக்கு 450 ரூபாய் வாக்குல வந்துச்சு. 'சூப்பர்ல!'ன்னு நான் வாயைப் பிளந்தேன்.

எங்க அப்பா கீழமாசி வீதியில ஒரு மொத்தக் கடையில கணக்கு எழுதுறவர். அவர் வாயைப் பிளக்கல, பேப்பரை எடுத்தாரு.

"450-ல பெட்ரோலு எம்புட்டுப்பா?"

"110 ரூவா ஆகும்ப்பா."

"டயரு, ஆயிலு, சர்வீஸு?"

அண்ணன் முழிச்சான். அப்பாவே ஒரு நாளைக்கு 40 ரூபாய்னு போட்டாரு. மிச்சம் 300. நாலு மணி நேரத்துக்கு 300-ன்னா மணிக்கு 75 ரூபாய். அடுத்து பகல் வேலையைக் கணக்குப் போட்டாரு. 16,500 ரூபாயை 26 நாள், எட்டு மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 79 ரூபாய்.

அதாவது மக்களே, பகல் முழுக்க உழைச்சுக் களைச்ச உடம்பை ராத்திரியில பகலைவிடக் குறைஞ்ச விலைக்கு வித்துக்கிட்டு இருந்தான் எங்க அண்ணன்!

ஆனாலும் அவன் உடனே விடல. மாசம் 6,600 ரூபாய் சும்மாவா? மூணு மாசம் ஓட்டினான். ராத்திரி 12 மணிக்குப் படுப்பான், ஆறு மணிக்கு முன்னாடியே எந்திரிப்பான். ஒருநாள் காலையில கம்பெனிக்குப் போறப்ப திருநகர் சிக்னல்ல வண்டியை நிறுத்தியிருக்கான். அப்பதான் அவனுக்கு உறைச்சிருக்கு... பழங்காநத்தத்துல கிளம்பினது ஞாபகம் இருக்கு, நடுவுல பசுமலையைத் தாண்டினது ஞாபகமே இல்ல. அத்தனை பஸ், லாரி ஓடுற ரோட்டுல அவ்வளவு தூரம் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கியிருக்கான்.

இதை எங்கிட்ட மட்டும்தான் சொன்னான். 'அம்மாகிட்ட சொல்லிடாதடா'ன்னு சொல்லும்போது அவன் கை லேசா நடுங்குச்சு.

ரெண்டு கடிகாரம், கூட்ட ஆள் இல்ல

அதுக்கப்புறம்தான் இந்த வேலை நேர சமாசாரத்தை நான் உட்கார்ந்து படிச்சேன். ஒரு தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்ங்கிறது நாம கேள்விப்பட்டதுதான். 24 மணி நேரக் கடைகளுக்கு அனுமதி கொடுத்தப்பவும் அரசு இதே நிபந்தனையைத்தான் போட்டுச்சு. ஆனா அந்த 48, ஒரு முதலாளிகிட்ட ஓடுற கடிகாரத்துக்கு. இன்னொரு இடத்துல உங்களுக்கு ஓடுற கடிகாரம் அவருக்குத் தெரியாது. இவரோடது அவருக்குத் தெரியாது.

ஃபேக்டரிக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் உஷாரா இருந்திருக்கு. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 60-வது பிரிவு, ஒரு தொழிற்சாலையில வேலை பார்த்த அன்னைக்கே இன்னொரு தொழிற்சாலையில வேலை பார்க்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. 2025 நவம்பர் 21-ல அதோட இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புலயும் இந்தத் தடை இருக்கு. ஆனா ஃபேக்டரி முடிச்சுட்டு பைக்ல பிரியாணி கொண்டுபோனா? ரெண்டையும் கூட்டிப் பார்க்க யாரும் இல்ல.

அண்ணனுக்கு நான் கூட்டினேன். 48-ம் 20-ம் 68 மணி நேரம். போக வர ஆகுற நேரம் தனி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்குறவங்களுக்கு, 35-ல இருந்து 40 மணி நேரம் பார்க்குறவங்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகமாம். இதய நோயால சாகுற ஆபத்து 17 சதவிகிதம் அதிகமாம். 'நமக்கெல்லாம் சின்ன வயசுதானே'ன்னு சொல்லுவீங்க. பசுமலை ரோட்டுக்கு வயசு தெரியாது ஃப்ரெண்ட்ஸ்!

கத்துக்கிட்டதை விக்கலாம்ல?

இங்கதான் அப்பாவோட அனுபவம் கைகொடுத்துச்சு. அவரும் பல வருஷமா ரெண்டாவது வேலை பார்க்குறவர்தான். பகல்ல எழுதுற அதே கணக்கைச் சாயங்காலம் மூணு சின்னக் கடைகளுக்கு எழுதித் தர்றாரு. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்த பிறகு சின்னக் கடைக்காரங்களுக்கும் மாசாமாசம் ரிட்டர்ன் கவலை வந்துடுச்சு. விற்பனைக் கணக்கை 11-ம் தேதிக்குள்ள ஏத்தணும், வரிக் கணக்கை 20-ம் தேதிக்குள்ள கட்டி முடிக்கணும். அதுக்காக முழு நேர கணக்குப்பிள்ளை வைக்க அவங்களுக்குக் கட்டுபடி ஆகாது. அந்த நாலஞ்சு நாளைக்குத்தான் ஆள் வேணும். அப்பாவுக்கும் அந்த நாலஞ்சு நாள்தான் ஓவர் வேலை, மத்த நாள் ஒன்பதரைக்கெல்லாம் குறட்டை!

"பகல்ல கத்துக்கிட்டதைச் சாயங்காலம் விக்கிறேன். ராத்திரியை விக்கலையேடா"ன்னாரு அப்பா.

அண்ணன் யோசிச்சான். அவனுக்குத் தெரிஞ்சது ஆட்டோகேட். லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் ஷெட் வெச்சிருக்கிறவங்களுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்க ஆள் வேணும்னு தெரிஞ்சு, ஒரு இடத்துல பேசியும் வெச்சான். ஆனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு வருஷமா பீரோவுல தூங்கின அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிச்சோம். மூணாவது பக்கத்துல, 'எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது'ன்னு ஒரு வரி!

நேரா எச்.ஆர். மேடத்துகிட்ட போய்க் கேட்டுட்டான். "அந்தப் பட்டறை நம்ம கஸ்டமருக்கே வேலை செய்யுதுப்பா, அது வேண்டாம். கிளாஸ் எடுக்குறதுன்னா லெட்டர் எழுதிக் கொடு, அப்ரூவல் வாங்கித் தர்றேன்"னு சொல்லிட்டாங்க. கேட்டா வேலையே போயிடும்னு பயந்துக்கிட்டு இருந்தவன், ஒரு பேப்பர்ல கையெழுத்தோட வீட்டுக்கு வந்தான்.

இப்ப ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாலிடெக்னிக் பசங்களுக்கு ஆட்டோகேட் எடுக்குறான். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம், ஞாயித்துக்கிழமை காலையில மூணு மணி நேரம். மாசம் 4,500 ரூபாய். மணிக்கு 200 ரூபாய்க்கு மேல வருது. வாரக் கணக்கு 53 மணி நேரத்துல நிக்குது.

டெலிவரியைவிட மாசம் 2,100 ரூபாய் குறைச்சல்தான். அது எங்க வீட்டுக்குச் சின்னக் காசு இல்ல. நான் நாலு பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு மேக்ஸ் டியூஷன் எடுத்துக் கொஞ்சம் ஈடு கட்டுறேன். மிச்சத்துக்கு, அம்மா வாங்க நினைச்ச கிரைண்டர் இன்னும் கடையிலேயேதான் இருக்கு.

ஐ.டி. பக்கம் போறவங்களுக்கு...

'எனக்கு ஃபேக்டரி இல்ல, ஏ.சி. ரூம்தான்'னு சிரிக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, உங்க ஏரியாவுலதான் இது பெரிய பஞ்சாயத்தாச்சு! 2022 ஆகஸ்ட்ல விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, இப்படி ரெண்டு வேலை பார்க்குறதை ஏமாத்து வேலைன்னே ட்வீட் போட்டாரு. போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்தாங்கன்னு 300 பேரை அனுப்பிட்டதா செப்டம்பர்ல சொன்னாரு. அதே வருஷம் ஸ்விகி தன்னோட ஆபீஸ் ஊழியர்களுக்கு, அனுமதியோட வெளி வேலை பார்க்கலாம்னு பாலிசியே கொண்டு வந்துச்சு. ஒரே விஷயம், கம்பெனிக்குக் கம்பெனி வேற ரூல்.

மறைச்சுப் பார்த்துக்கலாம்னு நினைக்காதீங்க. உங்க பி.எஃப். எண் வாழ்க்கை முழுக்க ஒண்ணேதான். ஒரே மாசத்துல ரெண்டு கம்பெனி பணம் கட்டினா, அதுல பளிச்சுன்னு தெரியும்.

தேடுறதுக்கு முன்னாடி... ஒரு சின்ன லிஸ்ட்!

1. முதல்ல முதல் வேலையைப் பாருங்க. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஓவர்டைம்னா சட்டப்படி ரெட்டைச் சம்பளம். அது ஒழுங்கா வருதான்னு கேட்டீங்களா?

2. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. அனுமதியை எழுத்துலயே வாங்குங்க. டி.என்.பி.எஸ்.சி. கனவுல இருக்கிறவங்களுக்கு... அரசு ஊழியர்னா நடத்தை விதிகள்படி முன் அனுமதி கண்டிப்பா வேணும்.

3. செலவைக் கழிச்சுட்டு மணிக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. பகல் வேலையைவிடக் குறைஞ்சா, ரெண்டு தடவை யோசிங்க.

4. ரெண்டு இடத்து நேரத்தையும், பயண நேரத்தையும் கூட்டி ஒரு பேப்பர்ல எழுதி, கண்ணாடியில ஒட்டுங்க.

5. ரெண்டு இடத்துலயும் சம்பளம்னா வரிக் கணக்கைச் சேர்த்துப் போடுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா கழிவு கொடுத்துட்டா, வருஷக் கடைசியில மொத்தமா கட்ட வேண்டி வரும்.

6. டெலிவரி, டாக்ஸி ஆப் வேலைதான் சரிப்படும்னா தாராளமா பாருங்க. நம்ம ஊர்ல எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுற வேலை அது. இந்தத் தொழிலாளர்களுக்குன்னு தமிழ்நாட்டுல தனி நல வாரியம் இருக்கு, அதுல பதிவு பண்ணிக்கோங்க. மறுநாள் லீவு இருக்கிற ராத்திரியா பார்த்து ஓட்டுங்க.

ரெண்டாவது வேலை பார்க்குறதுல ஒரு கேவலமும் இல்ல. படிப்பு, லோன், தங்கச்சி கல்யாணம்னு நமக்கெல்லாம் ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா ரெண்டு முதலாளிக்கும் தெரியாத ஒரு கணக்கு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு, அதை நீங்கதான் போட்டாகணும்.

எங்க அண்ணன் லோன் முடிய இன்னும் 41 தவணை இருக்கு. அத்தனையையும் கட்டி முடிக்க, ஆள் முழுசா இருக்கணும்ல!