முதற்பக்கத்தைத் திறக்காத மச்சான்

யார் செய்தது என்று இந்தக் கட்டுரையில் எழுதமாட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2019 போய் எவ்வளவோ காலமாயிற்று, ஆனாலும் இன்னும் பார்க்காத ஆள் எங்கயாவது இருக்கும். அந்த ஆளுக்கு எங்களால் முடிந்த சின்ன மரியாதை.

நாங்கள் நாலு பேர், வெள்ளவத்தையில் ஒரே அனெக்ஸ். கேம் ஒஃப் த்ரோன்ஸின் எட்டாவது சீசன் அந்த ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கியது. கடைசி சீசன், மொத்தமே ஆறு எபிசோட். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் போடுவது எங்களுக்குத் திங்கள் காலமை ஆறரை. அந்த நேரம் பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்போம். மத்தியானம் சோத்துப் பார்சலைப் பிரிக்கும்போது உலகமே பார்த்து முடித்துக் கதைக்கத் தொடங்கியிருக்கும். நாங்கள் பார்ப்பதோ இரவு, நாலு பேரும் வந்து சேர்ந்த பிறகு. எங்கட அறையில் இருந்த ஒரே சட்டம் அதுதான்: ஒருத்தனை விட்டிட்டு மற்றவன் பார்க்கக்கூடாது.

முந்தி இந்தத் தொல்லை வேறு மாதிரி இருந்தது. தொடக்க சீசன்கள் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களை ஒட்டி வந்தவை. 2013இல் திரையில் எல்லாரையும் உறைய வைத்த அந்தக் கலியாண வீட்டுக் காட்சி, 2000ஆம் ஆண்டிலேயே புத்தகமாக வந்துவிட்டது. புத்தகம் வாசித்த ஆக்களிடம் வாய் குடுக்காமல் இருந்தால் தப்பலாம். ஆனால் 2011இல் ஐந்தாவது நாவல் வந்ததோடு சரி. தொடர் புத்தகத்தைத் தாண்டி ஓடிவிட்டது. கடைசி சீசனில் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்கும் தெரியாது, திங்கள் ஆறரை வரைக்கும். அதுக்குப் பிறகு எல்லாருக்கும் தெரியும், எங்களைத் தவிர.

பேஸ்புக்கைத் திறக்காமல் இருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணலாம். செய்தித்தளங்களின் முதற்பக்கம்தான் பொல்லாதது. மழை வருமோ என்று பார்க்கப் போவோம், பக்கத்துப் பெட்டியில் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கும். 'ஸ்பொய்லர் எச்சரிக்கை' என்று கட்டுரைக்கு உள்ளே எழுதியிருப்பார்கள், ஆனால் செத்தவரின் பெயர் வெளியே தலைப்பிலேயே இருக்கும். தலைப்பில் பெயரை மறைத்தால் படத்தில் ஆள் இருக்கும். படத்தையும் மாற்றினால் லிங்கில் கிடக்கும். ஆகவே நாங்கள் பிரவுசரில் படங்களை நிற்பாட்டி வைத்தோம். முதற்பக்கத்துக்குப் போகாமல் நேரே உள்பக்கங்களை புக்மார்க் பண்ணினோம். வேறு வழியில்லாவிட்டால் போனின் கீழ்ப்பாதியைக் கையால் பொத்திக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினோம்.

முதல் எபிசோடை நாலு பேரும் சேர்ந்து பார்த்தோம். பெரிய வெள்ளியோடு வந்த லீவுக்கு எங்களில் ஒருத்தன் மட்டக்களப்புக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தது ஏப்ரல் 21.

அன்றைக்கு நடந்ததை நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். பின்னேரம் ஊரடங்கு. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வைபரும் யூடியூப்பும் முடக்கப்பட்டன. அவனுக்குக் கோல் எடுத்துக் கிடைக்க எத்தனையோ மணித்தியாலம். "நான் இருக்கன்" என்றான். "சேர்ச்சுக்குப் போன தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சப் பேரக் காணல்ல. மறுகா கதைக்கன்."

அடுத்த நாள் காலமை ஆறரைக்கு இரண்டாவது எபிசோட் வந்தது. நாங்கள் தொடவில்லை. மனமும் இல்லை, சட்டமும் விடவில்லை.

சமூக வலைத்தளங்கள் இல்லாத அந்த நாட்களில் செய்தி அறிய மிச்சமிருந்தது, நாங்கள் பயந்து ஒதுக்கிய அதே முதற்பக்கங்கள்தான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறந்தோம் என்று கணக்கில்லை. இறந்தவர்களின் தொகை 359 என்று இருந்தது, 25ஆம் திகதி 253 என்று குறைத்துச் சொன்னார்கள். ஒரு சர்வதேசத் தளத்தில் மேலே எங்கட நாட்டின் சவப்பெட்டிகள், விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் கீழே டிராகன். இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்து. அந்த டிராகனைக் கண்டதும் எங்கட கண் தானாக மூடிக்கொண்டது. மூடிய பிறகுதான் வெட்கம் வந்தது. சவப்பெட்டிப் படத்தைக் கண் திறந்து பார்த்துவிட்டு, பொய்க்கதையின் முடிவு தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறோமே என்று. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கிழமையில் எங்களுக்கென்று காப்பாற்றி வைக்கக்கூடியதாக இருந்ததும் அது ஒன்றுதான்.

29ஆம் திகதி காலமை மூன்றாவது எபிசோட், பெரிய யுத்தம் வரும் எபிசோட். 30ஆம் திகதி சமூக வலைத்தளத் தடையும் எடுபட்டது, மீம்ஸ் வெள்ளமாய் வந்தது. அவன் அழைத்தான். "நீங்க பாத்திட்டீங்களா?" "இல்ல. நீ வா, பாப்பம்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி மச்சான், வாறன்."

மே இரண்டாம் கிழமைதான் வந்தான், மெலிஞ்சு போய். ஊர்க் கதை ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. லைட்டை நூத்து, திரைச்சீலையை இழுத்து, லெப்டொப்பின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினோம். அந்த மூன்றாவது எபிசோட் 82 நிமிஷம், பாதிக்கு மேல் ஒரே இருட்டு, யார் யாரை வெட்டுகிறார் என்று தெரியாது. கடைசியில் அந்த ஒரு கணம் வந்தபோது நாங்கள் கத்தின கத்தில் மேல்வீட்டு அன்ரி தரையைத் தட்டினார். அவனும் கத்தினான். எங்களைவிடப் பெரிசாக.

மூன்று மாதத்துக்குப் பிறகு, வேறு ஏதோ கதையில், வாய் தவறி வந்துவிட்டது. 29ஆம் திகதி காலமையே அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு தம்பியைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று தேடித்தான் அந்த முதற்பக்கத்தைத் திறந்திருக்கிறான். முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெயரும் முகமும். ஒருத்தருக்கும் சொல்லாமல் இரண்டு கிழமை வைத்திருந்து, எங்களோடு வந்திருந்து, புதிதாய்ப் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கிறான். "பின்ன என்னத்துக்கடா அப்பிடிக் கத்தினாய்?" என்று கேட்டோம். "நான் உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்" என்றான்.

முடிவு தெரிந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவன் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிற சனத்துக்கு அபிமன்யு சாவான் என்று தெரியும். தெரிந்தும் அழுகிறது. ஆனால் அங்கே களரியைச் சுற்றியிருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் மட்டும் தனிய இருந்து, போன் திரையில், வேறு ஒன்றைத் தேடப் போன இடத்தில் அறிந்துகொள்வதில்லை. அந்த ஏப்ரலில் அவன் எல்லாவற்றையும் அப்படித்தான் அறிந்திருக்கிறான். இதையாவது எங்களோடு இருந்து அறியவேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

இப்போது நாலு பேரும் நாலு இடத்தில். புதுத் தொடர் ஏதும் வந்தால் நேரம் பார்த்து ஒன்றாக பிளே அமத்துகிறோம். அமத்த முதல் ஒரு கேள்வி கட்டாயம் கேட்கவேண்டும். எங்கட சட்டத்தில் புதிதாய்ச் சேர்ந்தது அது.

"எங்கயாவது கண்டிட்டியா? கண்டிருந்தாச் சொல்லு மச்சான். என்னத்தக் கண்டனி எண்டு மட்டும் சொல்லாத."