தட்டப் போகும் பாதம்

சென்னை சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி போய்ச் சேர இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ஆகும். 2,000 கிலோமீட்டருக்கும் மேல். அனிமேஷன் வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் பகல் முழுக்கப் பாடம்தான். விதர்ப்பத்தில் தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் பறக்கின்றன, பருத்திக் காடு நிதானமாக நகர்கிறது. நாகபுரி தாண்டினால் சாத்புரா மலை அசைவதே தெரியாமல் கூட வருகிறது. தூரத்துக்குத் தக்கபடி வேகம் மாறும் இந்த அடுக்குகளைத்தான் நாங்கள் கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, தட்டைத் திரையில் ஆழம் காட்டுகிறோம்.

நான் போனது ஒரே ஒரு சிலையைப் பார்க்க. ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில், செப்புத் திருமேனிகளுக்கு நடுவே திருவரங்குளத்து நடராசர் இருக்கிறார்.

திருவரங்குளம் எங்கள் பக்கத்து ஊர். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். செம்மண், முந்திரி, தைலமரக் காடு; இன்னும் போனால் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம். அரங்குளநாதரும் பெரியநாயகியும் இருக்கும் பழைய சோழர் கோயில் அது. பொன் பழம் உதிர்த்த பனைமரக் கதையை அங்கே கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. அந்தப் பனையின் பெயர் கொண்ட பொற்பனைக்கோட்டையில் 2023இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது தங்க மூக்குத்தியும் சூதுபவள மணியும் கிடைத்தன. செய்தி வந்த அன்று ஊரே அந்தப் பேச்சாக இருந்தது. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய இந்தச் செப்புத் திருமேனியைப் பற்றி எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. எனக்கே ஒரு புத்தகத்தின் வழியாகத்தான் தெரிந்தது: சி. சிவராமமூர்த்தி நடராசரைப் பற்றி எழுதிய பெரிய நூல், 1974இல் இதே அருங்காட்சியகம் வெளியிட்டது.

நடராசர் என்றதும் உலகத்துக்கே நினைவில் வருவது தூக்கிய திருவடி. ஜெனீவாவில் செர்ன் ஆய்வு மையத்தில் 2004 முதல் நிற்பவரும் காலைத் தூக்கியவர்தான். திருவரங்குளத்துக்காரர் அப்படியில்லை. முழங்கால் இரண்டும் மடங்கி, இடுப்பு தணிந்து, பாரம் முழுக்கக் கீழே இறங்கியிருக்கிறது. இதைச் சதுர தாண்டவம் என்கிறார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில், அதாவது ஆடல் அசைவுகளில், சதுரமும் ஒன்று. அதன் இலக்கணப்படி வலது பாதம் தரையைத் தட்ட வேண்டும்.

நான் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்து வரைந்துகொண்டிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்த கூட்டத்தில் ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏன் தம்பி, இவரு காலைத் தூக்கலையே?”

“தட்டப் போறாரும்மா.”

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “அட, அரைமண்டி! எம் பேத்திக்கு டான்ஸ் டீச்சர் தெனம் இதைத்தான் சொல்றாங்க. உட்காரு, நல்லா உட்காருன்னு.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஸ்டுடியோவில் ஷாட்டைப் பார்த்துவிட்டு லீட் சொல்வதும் அதே சொல்தான்: கேரக்டர் உட்காரலை, மிதக்குது, இடுப்பை இறக்கு. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். அதில் முக்கியமான நிலைகளைக் கீ போஸ் என்று முதலில் வைப்போம். இடையில் உள்ளவற்றைப் பெரும்பாலும் கணினி நிரப்பும். கணினிக்கு எடை தெரியாது. ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரம் எப்போது மாறுகிறது, தரை எப்போது உடம்பைத் திருப்பித் தள்ளுகிறது என்பதை மனிதன்தான் சொல்லவேண்டும். டிஸ்னியின் மூத்த கலைஞர்களான ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்திலிருந்து பன்னிரண்டு விதிகளை நாங்கள் மனப்பாடம் செய்கிறோம். ஓர் அசைவுக்கு முன் உடம்பு எடுக்கும் ஆயத்தம் அவற்றில் ஒன்று. அந்த ஆயத்தம் செம்பில் வார்க்கப்பட்டு என் கண்ணெதிரே நின்றது. தூக்கிய கால், ஆட்டத்தின் உச்சி. அது எல்லார் கண்ணிலும் படும். உச்சிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் முழு ஆட்டத்தையும் அடைத்தவர் யாரோ, அவரைத்தான் என் முதல் ஆசிரியராக நினைக்கிறேன்.

அவருக்கு அழித்துத் திருத்தும் வசதி மெழுகில் மட்டும்தான் இருந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைச் செய்து, அதன் மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண் கருவை உடைக்கவேண்டும். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான். மெழுகும் போயிற்று, கருவும் போயிற்று. அதே அச்சில் இன்னொன்று வராது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் கரணங்கள் வரிசையாக உண்டு. 1010இல் முடிந்த கோயில். திருவரங்குளத்தார் அதற்கும் மூத்தவர். தஞ்சையில் சிவனே ஆடுகிறார், 81 கரணங்கள். மீதி 27க்கும் கல்லை விட்டு வைத்திருக்கிறார்கள், செதுக்கவில்லை. பாதியில் நின்ற ஸ்டோரிபோர்டு என்றுதான் எனக்குத் தோன்றும். சிதம்பரம் கோபுரங்களில் 108ம் உண்டு. அங்கே ஆடுவது பெண்கள், சாஸ்திர வரிகளும் வெட்டியிருக்கிறார்கள். அனிமேஷன் படிக்கிற நம் பிள்ளைகள் வெளிநாட்டு வாக் சைக்கிளை, அதாவது நடை அசைவைப் பார்த்துப் பழகட்டும், வேண்டாமென்று சொல்லமாட்டேன். கூடவே இவற்றையும் வரைந்து பழகவேண்டும்.

அன்றிரவு லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு கிழவர் திண்ணையிலிருந்து இறங்கும் ஷாட் பல நாளாகச் சரிப்படாமல் கிடந்தது. கால் தரையைத் தொடுவதற்கு நாலு ஃப்ரேம் முன்பே இடுப்பை இறக்கி, முழங்காலை மடக்கிப் பார்த்தேன். கிழவருக்கு எடை வந்தது.

அந்தத் திருமேனியை எல்லாக் கோணத்திலும் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தால், திருவரங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சாதாரணக் கணினியிலேயே பிள்ளைகள் அதைச் சுழற்றிப் பார்க்கலாம். பின்னால் முதுகு எப்படி வளைந்திருக்கிறது, பாரம் எந்தப் பாதத்தில் விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். அடுத்த ஃப்ரேமை அவர்களே வரையட்டும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.