எப்ப மூடப்போற?

டைபாய்டில் சிறுகுடல் ஓட்டையாகி, அரசு ஆஸ்பத்திரியில் அவசரமாக வயிற்றைத் திறந்தபோது குடலின் ஒரு வளைவை வெளியே இழுத்து வலப்பக்கம் தைத்துவிட்டார்கள். 5 மாதமாகிறது. சிவந்து ஈரமாக இருக்கும் அந்த வாய்க்கு வலி தெரியாது. வேதனையெல்லாம் சுற்றியிருக்கும் தோலுக்குத்தான். பை கசிந்தால் புண்ணாகி எரியும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே கொட்டிவிட வேண்டும். தண்ணீராகப் போவதால் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடித்துக்கொண்டே இருக்கிறேன்.

எம்.ஏ. தமிழில் சைவ சித்தாந்தத் தாளுக்கு மும்மலம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆணவம், கன்மம், மாயை. எங்க வீட்டில் மலம் என்ற சொல்லே கிடையாது. பீதான். எங்கம்மா 30 வருசம் அதை அள்ளினாள். 1993இல் கையால் அள்ளக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். 2013இல் இன்னொன்று. அதற்குப் பிறகும் அம்மா அதே வேலைக்குத்தான் போனாள். இப்போது என் பையைக் கழுவித் தருவதும் அவள்தான். மூக்கைப் பொத்துவதில்லை. "ஊரான் பீய அள்ளுன கை, எம்புள்ள பீய அள்ளாதா?" என்கிறாள்.

ஆனால் அவளுக்கும் அவசரம். "எப்ப மூடப்போற? நாலு எடத்துக்குப் போக வர வேணாமா?" சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள். தோழர் ஒருவர், கூட்டத்துக்கு வரும்போது சால்வை போட்டுக்கொண்டால் நல்லது என்றார். மலக்குழிச் சாவுகளைப் பற்றி மேடையில் உருகிப் பேசுகிறவர். அன்றைக்கு என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

டாக்டர் சொல்வது வேறு. மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் கீழ்க்குடல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கணும். உடம்பு தேறணும், ரத்தம் ஊறணும். மூடிய இடத்தில் தையல் கசிந்தால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிவரும், மறுபடி பைகூட வரலாம். நல்லபடியாக மூடினாலும் கொஞ்ச நாளைக்கு அடிக்கடி வெளியே போகும்.

"மூடாமலே விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"விடலாம்மா. தண்ணியும் உப்பும் கொறஞ்சா கிட்னிக்கு ஆகாது. பையும் வாங்கிக்கிட்டே இருக்கணும்."

அதை யோசித்துத்தான் மூடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் இப்போது இல்லை. 38 கிலோ இருக்கிறேன். 45 ஆகட்டும். முட்டையும் கருவாடும் ஈரலும் தின்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் மாவட்டக் கூட்டம். சால்வை எடுத்துப்போவதாக இல்லை. மண்டபக் கக்கூசில் தண்ணீர் வருமா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா என்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.