பிடியும் பிடிப்பும்

'பிடி' என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகும். கையால் பற்றுவது பிடி, கத்தியின் காம்பு பிடி, ஒரு கையளவு அரிசியும் பிடி, பெண்யானையும் பிடி. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் களிற்றின் பின்னே நிற்கும் பிடியை மாணவர்க்குக் காட்டி, சங்கச் சான்றோர் வழங்கிய சொல் இதுவே எனப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பொருளை எமக்கு முழுமையாக உணர்த்தியது, எம் அத்தாவின் பழைய மோட்டார் சைக்கிளில் இருந்த ஒரு ரப்பர் கைப்பிடியே ஆகும்.

அத்தா செங்கற்பட்டில் மீன்வலை நூல் வாணிகம் செய்தவர். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் எனக் கடலோரக் குப்பங்கள்தோறும் நூற்கண்டுகளை வண்டியில் கட்டிக்கொண்டு செல்வார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்குப்பங்களின் படகுகளையும் வலைகளையும் வாரிச் சென்றபோது, பலருக்கும் பணம் கேளாமலே நூல் கொடுத்தார். அவர் ஓட்டிய வண்டி புல்லட். 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. இன்று அப்பெயர் தாங்கிய வண்டிகள் நம் ஊருக்கு அணித்தே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகின்றன.

அத்தா மறைந்தபின் வண்டி எம்மிடம் வந்தது. இடப்பக்கக் கைப்பிடியில், அவர் பெருவிரல் அழுந்திய இடம் சிறு பள்ளமாகத் தேய்ந்திருந்தது. எம் விரலை அதில் வைத்து ஓட்டும்போதெல்லாம் அவர் கையைத் தொடுவதாகவே தோன்றும். 'கிரிப்பை மாற்றிவிடுங்கள் சார்' என்று மெக்கானிக் தம்பி இருமுறை சொல்லியும் யாம் இசையவில்லை.

ரப்பரின் இயல்பு வேறு. வெப்பத்தில் இளகியும் குளிரில் விறைத்தும் கெடும் பாலைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையை சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாறு உறுதிபெற்ற ரப்பரும் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் நாளடைவில் இறுகி வெடிக்கும். எம் கைப்பிடியும் வெடிக்கத் தொடங்கிற்று. அதனைக் காக்க எண்ணி, யாம் மாதந்தோறும் தேங்காயெண்ணெய் தடவிவந்தோம். மேலே பளபளப்பு வந்தது. எண்ணெயோ வெடிப்பின் வழியே உள்ளிறங்கி, ரப்பருக்கும் இரும்புக்கும் இடையே வழுக்கலை உண்டாக்கிற்று. கைப்பிடி சற்றே சுழலத் தொடங்கியதையும் யாம் அறிந்தே இருந்தோம்.

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை, கல்லூரியில் பயிலும் மகளைப் பின்னே அமர்த்தி மாமல்லபுரத்திலிருந்து திரும்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஓர் எருமை வந்தது. கிளட்சைப் பற்றி இழுத்தோம். கைப்பிடி அப்படியே கழன்று எம் கையோடு வந்துவிட்டது. வண்டி துள்ளிச் சாலையோரச் சேற்றில் சாய்ந்தது. எமக்குக் காயமில்லை. மகளின் முழங்கை சிராய்த்துக் குருதி கசிந்தது. அதனைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "இது கழன்று வரும் என்று உங்களுக்கு முன்னமே தெரியுமா அத்தா?"

தெரியும் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

வீட்டில் நடந்ததைக் கேட்ட எம் தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அத்தா அந்த ரப்பரை எத்தனை தடவை மாத்தியிருப்பார் தெரியுமா? தேய்ஞ்சதும் தூக்கிப் போட்டுடுவாரே. நூல் மூட்டையோட போறவர் கைப்பிடியிலயா விளையாடுவார்?" என்றார். யாம் போற்றிவந்தது அவர் கடைசியாக மாற்றிய ஒரு பொருள். மறந்துபோனது அவர் வாழ்நாளெல்லாம் மாற்றிவந்த பழக்கம்.

மறுநாள் மெக்கானிக் தம்பி அருகிருந்து சொல்ல, யாமும் மகளுமே புதியன பொருத்தினோம். வலப்பக்கக் கைப்பிடியை நெடுக்காகக் கீறி எடுத்தோம். கடற்காற்றின் உப்பு இடப்பக்க ரப்பரைத் தின்னவில்லை. அதன் மறைவில் இருந்த இரும்பைத் தின்றிருந்தது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகப் பெட்ரோலால் துடைத்து உலர்த்தினோம். புதிய கைப்பிடிகள் இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே, துளையில் வேறு. இடப்பக்கத்தது 22 மில்லிமீட்டர்க் குழாயின்மீதே இறங்குவது. வலப்பக்கத்தது ஆக்ஸிலேட்டர் உருளையின்மீது ஏறுவதாதலின் துளை பெரிது. உள்ளே சோப்பு நீர் தடவித் தள்ளினால் எளிதில் ஏறும். நீர் காய்ந்தபின் இறுகிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் ஒருபோதும் ஆகாது. ஆதலின் ஓரிரவு வண்டியைத் தொடாமல் வைத்தோம்.

காலையில் தம்பி சோதித்துக் காட்டினார். இடப்பக்கத்தது எவ்வளவு முறுக்கினாலும் அசையலாகாது. வலப்பக்கத்தது திருகினால் திரும்ப வேண்டும். விட்டவுடன் தானாகவே பழைய நிலைக்கு மீள வேண்டும். அது எங்கும் உரசாதிருக்கச் சிறிது இடைவெளி விட வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாக ஒடித்தும் பார்க்க வேண்டும். மகள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். விட்ட ஒவ்வொரு முறையும் 'டக்'கென்று மீண்டது.

பற்றவேண்டியதை இறுகப் பற்றுதலும், விடவேண்டியதைத் தடையின்றி விடுதலும் ஒரே வண்டியின் இரு பக்கங்கள். பெரியோரிடத்து நாம் கொண்ட அன்பு, அவர்தம் பொருளைப் பற்றிக்கொண்டு, அவர்தம் விழிப்பைக் கைவிடுமாயின், அதன் விலையைப் பின்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளே கொடுக்க நேரும்.

அந்தப் பழைய கைப்பிடி இன்னும் எம் மேசைமீது கிடந்தது. குப்பைக்கூடையோடு வந்த மகள் கையை நீட்டினாள். சற்றுத் தயங்கினோம், பிறகு கொடுத்துவிட்டோம். அன்று மாலை அவளோடு கடற்கரைச் சாலை வரை சென்று திரும்பினோம். வழி நெடுகிலும் அவள் கை எம் தோளைப் பற்றியிருந்தது. அதற்கும் தமிழில் பிடி என்றே பெயர்.